கோழிக்கு வேர்க்காது

என் கணவர் தன் சட்டையைத் தானே அலசிக் காயப்போட்டிருந்ததைப் பார்த்த அன்றுதான் எனக்கு முதல் சந்தேகம் வந்தது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் ஒரு கைக்குட்டையைக்கூடத் தண்ணீரில் நனைத்தறியாத மனுஷர். வேர்த்த சட்டையைக் கழற்றினால் அது கட்டில் முனையில் கிடக்கும், இல்லாவிட்டால் கதவு மேல் தொங்கும், அதுவும் இல்லாவிட்டால் கழற்றின இடத்திலேயே தரையில் கிடக்கும். அப்படிப்பட்டவருடைய நீலச் சட்டை, பண்ணையில் தண்ணீர் டேங்குக்குப் பின்னால் இருக்கிற கம்பியில், பிழிந்து உதறி, இரண்டு தோளிலும் கிளிப் போட்டுக் காய்ந்துகொண்டிருந்தது. அலசியதைக்கூட மன்னித்துவிடுவேன். கிளிப் போடுகிற அளவுக்கு ஒரு ஆம்பளைக்கு என்ன அக்கறை வந்தது?

நான் இயல்பிலேயே சந்தேகக்காரி. அதை மறைத்து ஆகப்போவது ஒன்றுமில்லை. பால்காரர் முகத்தைப் பார்த்தே அன்றைக்கு எவ்வளவு தண்ணீர் கலந்திருக்கிறார் என்று சொல்லிவிடுவேன். கடைக்குப் போனால் தராசைப் பார்க்க மாட்டேன், கடைக்காரர் கையைத்தான் பார்ப்பேன். "போலீசுக்குப் போயிருக்க வேண்டியவ, வழி தெரியாம என்ற ஊட்டுக்கு வந்துட்டா" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார் என் கணவர். சிரித்துவிட்டுப் போகட்டும். பண்ணை நடத்துகிற குடும்பத்தில் ஒருத்தராவது கண்ணைத் திறந்து வைத்துக்கொள்ள வேண்டும்.

எங்களுடையது முட்டைக்கோழிப் பண்ணை. வீடு நாமக்கல்லில் இருக்கிறது, பண்ணை ஜேடர்பாளையம் போகிற வழியில். காலையில் அவர் பைக்கிலும் நான் ஸ்கூட்டரிலுமாகப் போவோம். முட்டைகளை எடுத்து அட்டையில் அடுக்கி, லாரியில் ஏற்றி அனுப்பிவிட்டு, வெயில் ஏறுவதற்குள் நான் வீட்டுக்குத் திரும்பிவிடுவேன். அவர் சாயங்காலம் வரைக்கும் அங்கேயே இருப்பார். நான் பிறந்து வளர்ந்தது சேலத்தில் மலையடிவாரத்துக் கொண்டப்பநாயக்கன்பட்டியில். அங்கேயும் வெயில் அடிக்கத்தான் செய்யும், ஆனால் பொழுது சாய்ந்தால் மலையிலிருந்து காற்று இறங்கி வந்து பகலெல்லாம் பட்ட பாட்டைத் துடைத்துவிடும். அங்கிருந்து இங்கே வாக்கப்பட்டு வந்தவளுக்கு இந்த ஊர் வெயில் மேல் நம்பிக்கை எப்படி வரும்? காலையில் ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி இருக்கும். பதினொரு மணிக்கு மேல் தன் வேலையைக் காட்டும்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவருடைய அண்ணன் இறந்துபோனார். நோய் நொடி என்று ஒன்றும் இல்லாத மனுஷர். காபி கேட்டுவிட்டு நாற்காலியில் போய் உட்கார்ந்திருக்கிறார். காபி வந்தபோது ஆள் இல்லை. அதற்கப்புறம் என் கணவர் கொஞ்ச நாள் நாற்காலியிலேயே உட்காரவில்லை. சாப்பிடுவதுகூட நின்றுகொண்டேதான். நானும் கேட்கவில்லை. பிறகு ஒரு நாள் ஒரு சைக்கிளை வாங்கிக்கொண்டு வந்து நின்றார். நாம் பார்த்துப் பழகிய சைக்கிள் இல்லை. கைப்பிடி ஆட்டுக்கடாக் கொம்பு மாதிரி கீழே வளைந்திருந்தது. சீட்டு உள்ளங்கை அகலம்தான். சேலத்தில் பேங்க் ஆபீசராக இருக்கிற அவருடைய பழைய சிநேகிதர் ஒருவர் கூட்டம் சேர்த்துக்கொண்டு தூர தூரமாகச் சைக்கிள் ஓட்டுகிறவர். அவருடைய வேலைதான் இது என்று பார்த்த மாத்திரத்திலேயே தெரிந்தது.

அதோடு போயிருந்தால் சரி, உடம்புக்கு நல்லதுதானே என்று விட்டிருப்பேன். பங்குனி மாசத்தில் ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டே மெதுவாக ஆரம்பித்தார்.

"வைகாசியில ஒரு சவாரி இருக்குது புள்ள. உங்கூரு மலையடிவாரத்துல கெளம்பி ஜேடர்பாளையம் அணை வரைக்கும் வந்துட்டு, அன்னைக்கே திரும்பிப் போறது. நானும் பேரு குடுத்துட்டேன்."

"வைகாசியிலயா? கத்திரி வெயில்ல, பட்டப்பகல்ல, அத்தனை தூரமா? எந்தக் கிறுக்கனுங்க இதக் கண்டுபுடிச்சது?"

"வெயில்ல ஓட்டறதுதான் அதுல விசேஷமே."

"விசேஷம்னா ஊட்ல ஒண்ணு வெச்சுக்கலாம், ஒறம்பரை, சொந்தபந்தத்த எல்லாம் கூப்புட்டு. ரோட்டுல போயி ஏன் வெக்கோணும்?"

நான் கத்துவேன் என்று எதிர்பார்த்துத்தான் வந்திருந்தார் போலிருக்கிறது. கோபப்படவில்லை. சோற்றை ஒதுக்கிவிட்டு என்னைப் பார்த்தார். "எங்கண்ணன் போன வயசு எனக்கு இந்த வைகாசியில வருது. அந்த நாளை நான் நாற்காலியில உக்காந்துட்டுத் தாண்ட மாட்டேன்" என்றார்.

அண்ணனுடைய வயசைத் தான் மட்டும்தான் எண்ணிக்கொண்டிருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தார் பாருங்கள், அந்தக் கோபம் ஒரு பக்கம். எனக்கு இந்த மனுஷர் வேண்டும், அவ்வளவுதான். சவாரியும் வேண்டாம், கழுத்தில் போடுகிற மெடலும் வேண்டாம். ஆனால் அதை அப்படியே சொல்லவா முடியும்? அதனால் சட்டம் போட்டேன். விடிகாலையில் மட்டும் ஓட்ட வேண்டும், வெயில் வருவதற்குள் இறங்கிவிட வேண்டும். "ஒரே ஒரு தரம் தலை சுத்துச்சு, வாந்தி வந்துச்சுன்னு என்ற காதுக்கு வந்துதுன்னா, அந்தச் சைக்கிளை அன்னைக்கே பழைய இரும்புக்காரன்கிட்டப் போட்டுப்போடுவேன், பாத்துக்குங்க" என்றேன். "சரிங் மேடம்" என்று சல்யூட் அடித்தார். சல்யூட் அடித்தபோதே நான் சுதாரித்திருக்க வேண்டும். இவர் எதையும் ஒரே பேச்சில் ஒத்துக்கொள்கிற ஆளே கிடையாது.

சித்திரை பிறந்ததும்தான் சட்டை விவகாரம். முதலில் ஒரு சட்டை. இரண்டு நாள் கழித்து மறுபடியும் அதே இடத்தில் இன்னொரு சட்டை. "என்னங்க இது, புதுசா சலவைக்கடை வெச்சிருக்கறீங்க?" என்று கேட்டேன். "தீவனத் தூசி புள்ள. ஒரே அரிப்பு" என்றார். தீவனத் தூசி நேற்றா வந்தது? நாங்கள் பண்ணை ஆரம்பித்த நாளிலிருந்து இருக்கிற தூசி. அப்போதெல்லாம் அரிக்காத உடம்பு இப்போது ஏன் அரிக்கிறது?

அடுத்ததாகக் கழுத்து. பின்கழுத்தில் இருந்து முன்பக்கம் வரை, பட்டையாக, செக்கச்செவேல் என்று ஒரு தடிப்பு. தலை துவட்டும்போது பார்த்துவிட்டேன். கேட்டால் வேர்க்குரு என்றார். வேர்க்குரு என்ன அளவெடுத்து ஓரம் வெட்டினாற்போலவா வரும்? வேறு மாதிரி யோசனையும் ஓடியது, இல்லை என்று சொல்ல மாட்டேன். சட்டையை அலசுகிறார், கழுத்தில் அடையாளம், முன்னைவிட உடம்பு வேறு இளைத்திருக்கிறது. டிவி நாடகத்தில் இது போதும், அடுத்த வாரமே ஒரு பெண் வாசலில் வந்து நிற்பாள். ஆனால் இவர் முகத்தை நினைத்துப் பார்த்தேன். முட்டை லாரி தாமதமாக வந்தால் டிரைவரைத் திட்டக்கூட வாய் வராத முகம். இந்த முகத்தை வைத்துக்கொண்டு அந்த மாதிரிக் காரியம் செய்ய முடியாது என்று அந்தச் சந்தேகத்தை மட்டும் தள்ளிவிட்டேன். மற்றது அத்தனையையும் வைத்துக்கொண்டேன்.

அப்புறம் பண்ணை நாய். எங்கள் பண்ணையில் ஒரு செவலை நாய் உண்டு, விலா எலும்பு தெரிகிற மாதிரி இருக்கும். அது சித்திரையில் குண்டாகிவிட்டது! கோடையில் எந்த நாயாவது குண்டாகுமா? நான் தினமும் இவருக்கு மதியத்துக்குக் கட்டிக் கொடுப்பது தயிர்சோறு, உருளைக்கிழங்கு, ஒரு பெரிய பாட்டில் நிறைய உப்புப் போட்ட மோர். டிபன் பாக்ஸ் சாயங்காலம் வழித்துத் துடைத்தாற்போல வரும். "நல்லா இருந்துச்சு புள்ள" என்பார். உப்புக் கூடிப்போன அன்றைக்கும் அதையேதான் சொன்னார்.

பண்ணையில் முட்டை எடுக்கிற அக்கா ஒருவர் இருக்கிறார். என்னைவிட மூத்தவர், ரொம்ப வருஷமாக எங்களோடு இருப்பவர். வெள்ளையான மனசு, அதனால் பொய் வராது. வராத பொய்யைச் சொல்ல வேண்டி வந்தால் தரையைப் பார்ப்பார்.

"ஏனுங்கக்கா, மத்தியானத்துல அவரு என்னதான் பண்றாரு?"

"தீவன மில்லுக்குப் போவாருங்க" என்றார் தரையிடம்.

"தெனமுமா?"

"தெனமுந்தானுங்க தீவனம் வேணும்" என்று அட்டையை எடுத்துக்கொண்டு கோழிகள் இருக்கிற செட்டுக்குள் போய்விட்டார். சரி, ஊரே கூட்டுச் சேர்ந்துகொண்டது என்று முடிவு செய்துகொண்டேன்.

அது கத்திரி தொடங்கிய நேரம். முந்தின நாள் சாயங்காலம் கோடை மழை நாலு தூறல் போட்டுவிட்டு ஓடிப்போயிருந்தது. பெரிய மழையாக இருந்தால் குளிரும். இந்தத் தூறல் இருக்கிறதே, இது பூமியைக் கிளப்பிவிட்டுப் போகும். மறுநாள் காற்று நின்றுவிட்டது. வேப்பமரத்தில் ஒரு இலை அசையவில்லை. உடம்பில் வேர்வை ஊற்றுகிறது, காயமாட்டேன் என்கிறது. பண்ணைக்காரர்களுக்கு வெறும் வெயிலைவிட இந்தப் புழுக்கம்தான் எமன்.

முந்தின வருஷம் அப்படி ஒரு நாளில்தான் எங்கள் செட்டில் ஒரு வரிசைக் கோழிகள் மொத்தமாகச் சுருண்டன. கரண்ட் போய்விட்டது, கூரைக்குத் தண்ணீர் அடிக்கிற மோட்டார் நின்றுபோனது. கோழிகள் வாயைத் திறந்து, இறக்கையை உடம்பிலிருந்து விலக்கி வைத்துக்கொண்டு, படக் படக் என்று மூச்சு விட்டன. அப்படியே ஒவ்வொன்றாகத் தலையைத் தொங்கப்போட்டன. என் கணவர் பக்கெட்டில் தண்ணீர் மொண்டு வீசிக்கொண்டே இருந்தார், கடைசிக் கோழி விழுகிற வரைக்கும். அதன் பிறகு வெயிலைப் பற்றி அவர் படிக்காதது கிடையாது. இந்தக் கோடையில் எங்கள் பண்ணைக்கு மூன்று சட்டங்கள் வந்தன. விடியலில் தீனி போட்டு, வெயில் ஏறுவதற்கு முன் நிறுத்திவிட வேண்டும். ஏனென்றால் தீனி செரிக்கும்போது உடம்புக்குள்ளிருந்து சூடு கிளம்பும், வெளிச்சூட்டோடு அதுவும் சேர்ந்தால் கோழி தாங்காது. குடிக்கிற தண்ணீரில் வைட்டமின் பொடி கலக்க வேண்டும். செட்டைச் சுற்றிச் சாக்கு கட்டி நனைத்துவிட வேண்டும். இந்த வருஷம் அதுவரைக்கும் ஒரு கோழிகூட விழவில்லை. அதில் அவருக்குப் பெருமை தாளவில்லை.

அன்றைக்கு நான் வழக்கம்போல வீட்டுக்குக் கிளம்பி வந்துவிட்டேன். வந்து அரிசி களைந்து வைத்தேன். மனசு நிற்கவில்லை. களைந்த அரிசியை அப்படியே வைத்துவிட்டு ஸ்கூட்டரைத் திருப்பினேன்.

பண்ணையில் அவருடைய பைக் நின்றுகொண்டிருந்தது. ஆள் இல்லை. தீவன மில்லுக்கு நடந்தா போனார்? சாமான் அறைக்குப் போனேன், அவர் அங்கே நிறுத்தி வைக்கிற சைக்கிளும் இல்லை. மூலையில் ஒரு புதுச் சாக்கில் ஒரு பட்டையை மட்டும் கத்தரியால் வெட்டி எடுத்திருந்தது. அந்தப் பட்டையின் அகலம் அவர் கழுத்தில் இருந்த தடிப்பின் அகலம்தான். சணல் சாக்கை நனைத்துக் கழுத்தில் கட்டினால் தோல் என்ன பட்டாகவா இருக்கும்? அலமாரியில் கோழிகளுக்குக் கலக்குகிற வைட்டமின் டப்பா மூடி திறந்து கிடந்தது, உள்ளே எங்கள் வீட்டு டீஸ்பூன். அந்த ஸ்பூனை நான் பத்து நாளாகத் தேடிக்கொண்டிருந்தேன். வெளியே நாய் தயிர்சோறு தின்றுகொண்டிருந்தது, என்னுடைய டிபன் பாக்ஸிலேயே!

அக்காவைக் கூப்பிட்டேன். நான் கூப்பிட்ட குரலிலேயே அவர் தரையைப் பார்ப்பதை விட்டுவிட்டார்.

"எனக்கும் பயமாத்தானுங்க இருக்குது" என்றார். "நீங்க ஊட்டுக்குன்னு அக்கட்ட போனதும் இவரு சைக்கிளை எடுத்துக்குவாருங்க. உச்சி வெயில்ல அணை வரைக்கும் போயிட்டு வாராருங்க. காலையில இருந்து ஒரு பருக்கை திங்கறதில்லீங்க. மோரைக்கூட எங்களுக்கு ஊத்திப்போடுவாருங்க. கேட்டா, தீனிய நிறுத்தியாச்சுன்னு சிரிக்கறாருங்க. வந்ததும் வாந்தி. அப்பறம் அந்தச் சட்டைய அவரே அலசிப் போட்டுக்குவாருங்க."

தீனியை நிறுத்தியாச்சு! எனக்குச் சிரிப்புத்தான் முதலில் வந்தது, சத்தியமாக. இந்த மனுஷர் தன்னையே ஒரு செட்டாக நினைத்துக்கொண்டு நடத்தியிருக்கிறார். நனைத்த சாக்கு கட்டியாகிவிட்டது, வைட்டமின் கலந்தாகிவிட்டது, வெயில் ஏறுவதற்கு முன் தீனியும் நிறுத்தியாகிவிட்டது. ஒரு கோழிகூட விழவில்லையே, நான் மட்டும் எப்படி விழுவேன் என்று கணக்குப் போட்டிருக்கிறார். அந்தச் சிரிப்பு பாதியிலேயே செத்துப்போனது. கோழிக்கு வேர்க்காது. அது கூண்டில் சும்மா நிற்கும், வாயைத் திறந்து மூச்சிலேயே சூட்டை வெளியே தள்ளும். இவர் வேர்வையாக ஊற்றிக்கொண்டு பெடலை மிதிக்கிறார். போன உப்பு போனதுதான், உள்ளே வயிறு காலி, குடிப்பதெல்லாம் ஒரு செட்டுக்குக் கலக்குகிற பொடியைத் தன் பாட்டிலில் கொட்டிய தண்ணீர். வாந்தி வராமல் என்ன செய்யும்? அதுவும் இன்றைக்கு. காற்றே இல்லாத நாளில் நனைந்த சாக்கும் உதவாது, அதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவரே அவர்தான்.

"எத்தனை நேரமாச்சு போயி?"

"இந்நேரம் திரும்பியிருக்கோணுங்க" என்றார் அக்கா.

ஸ்கூட்டரில் எப்படி ஏறினேன் என்று தெரியாது. ரோட்டில் ஒரு காக்கா குருவிகூட இல்லை. தார் வெயிலில் தண்ணீர் மாதிரி மினுமினுக்கிறது, கிட்டே போனால் ஒன்றுமில்லை. நான் அவரைத் திட்டிக்கொண்டே போனேன். வாய்விட்டு, சத்தமாக. திட்டுகிற வரைக்கும் அவர் உயிரோடு இருக்கிறார் என்று ஒரு எண்ணம். அவருடைய அண்ணனையும் திட்டினேன், காபி குடிக்காமல் போனதற்கு. பேங்க் ஆபீசரை விட்டுவைக்கவில்லை. எதிரே வருகிற ஒவ்வொரு சைக்கிளையும் அவர்தான் என்று நினைத்தேன், ஒவ்வொன்றும் வேறு யாரோவாக இருந்தது.

ஜேடர்பாளையத்துக்குக் கொஞ்சம் இந்தப் பக்கம், வாய்க்காலை ஒட்டி ரோடு திரும்புகிற இடத்தில், அந்தக் கொம்பு வைத்த சைக்கிள் கீழே கிடந்தது. பக்கத்தில் ஒரு தென்னைமரத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார் என் கணவர். கண் திறந்திருந்தது. எனக்குப் போன உயிர் வந்தது. வந்த உயிர் உடனே கோபமாக மாறியது.

"ஏனுங்க! அறிவு இருக்குதுங்களா உங்களுக்கு?" என்று கத்திக்கொண்டே ஓடினேன்.

அவர் என்னைப் பார்த்தார். மரத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கப் பார்த்தார், முடியவில்லை. உட்கார்ந்தபடியே கையைக் கூப்பினார்.

"வாங்கம்மா" என்றார்.

கிண்டல் என்றுதான் நினைத்தேன். மாட்டிக்கொண்டால் இப்படி எதையாவது செய்து சிரிக்க வைப்பது அவர் வழக்கம். பக்கத்தில் உட்கார்ந்து நெற்றியில் கையை வைத்தேன். அடுப்பில் கிடந்த தோசைக்கல். முகம் கன்றிப்போயிருந்தது, உதட்டோரம் வாந்தி காய்ந்திருந்தது. கண்கள் என் முகத்தில்தான் இருந்தன, ஆனால் என்னிடம் வரவில்லை. தெரியாத மனுஷியைப் பார்க்கிற மரியாதையான பார்வை. அப்போதுதான் புரிந்தது, இவர் விளையாடவில்லை.

"ஏனுங்கம்மா, இந்தப் பக்கந்தான் உங்க ஊடா?" என்று கேட்டார். நாக்கு குழறியது. "ஒரே ஒரு ஒதவி பண்ணுங்க. எங்க ஊட்டுக்காரிகிட்ட மட்டும் சொல்லிப்போடாதீங்க."

நான் அவர் கழுத்திலிருந்த சாக்கை அவிழ்த்துக்கொண்டிருந்தேன். முடிச்சு வரவில்லை.

"வெளியில சிடுசிடுன்னு இருப்பாளுங்க. உள்ளுக்குள்ள அவ பயந்த புள்ளைங்க" என்றார். "எங்கண்ணன் போனதுல இருந்து தூங்கறதே இல்லீங்க அவ. ராத்திரியில எந்திரிச்சு என்ற மூக்குகிட்ட கைய வெச்சுப் பாக்கறா, மூச்சு வருதான்னு. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சுட்டு இருக்கறா. நானும் தூங்கறவனாட்டவே கெடப்பனுங்க. பாவம். இதையும் கேட்டான்னா தாங்கமாட்டாளுங்க."

நான் எத்தனை ராத்திரி அப்படிச் செய்தேன் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்திருந்தேன். மூச்சு கையில் பட்டதும் சத்தமில்லாமல் திரும்பிப் படுத்துக்கொள்வேன். ஊரிலுள்ள எல்லோரையும் சந்தேகப்படத் தெரிந்த எனக்கு, பக்கத்தில் தூங்குகிறவர் தூங்கவில்லை என்று ஒரு நாள்கூடச் சந்தேகம் வரவில்லை.

"சொல்ல மாட்டனுங்க" என்றேன். வேறு என்ன சொல்வது? "நீங்க சித்தெ எந்திரீங்க சாமி. தண்ணிக்குள்ள எறங்கலாம்."

தூக்க முடியவில்லை. நான் போட்ட சத்தத்தில் வாழைத்தார் ஏற்றிக்கொண்டு போன ஒரு மினிலாரி நின்றது. அதன் டிரைவர் குதித்து ஓடி வந்தார். நல்ல திடகாத்திரமான ஆள். ஒன்றும் கேட்காமல் அக்குளில் கை கொடுத்தார். இருவருமாகச் சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு, வாய்க்கால் படியில் இறக்கி, கழுத்து வரைக்கும் தண்ணீருக்குள் உட்காரவைத்தோம். நான் சேலையோடு பின்னால் உட்கார்ந்து அவர் தலையை என் மேல் சாய்த்துப் பிடித்துக்கொண்டேன். டிரைவர் ஆம்புலன்சுக்குப் போன் போட்டுவிட்டு, பாட்டில் தண்ணீரை அவர் வாயருகே கொண்டுவந்தார். "வேண்டாங்க, நெனவு சரியில்லாதப்பக் குடுத்தா பொறையேறிப்போகும்" என்று தடுத்தேன். அவர் போட்டிருந்த துணித் தொப்பியைக் கழற்றி அதால் தண்ணீரை மொண்டு தலையில் ஊற்றிக்கொண்டே இருந்தேன். டிரைவர் கரையிலிருந்து ஒரு வாழையிலையை எடுத்து வந்து விசிறினார். ஓடுகிற தண்ணீர், ஆனாலும் அவர் முதுகு பட்ட இடத்தில் எனக்குச் சூடு தெரிந்தது.

ஊற்றினேன், ஊற்றினேன், ஊற்றிக்கொண்டே இருந்தேன். அதற்கு நடுவில் அவர் என்னிடம் கோழி விலை கேட்டார். அண்ணன் வந்துவிட்டாரா என்று கேட்டார். "வந்துருவாருங்க" என்று சொல்லிவிட்டு, நான் சொன்னது எனக்கே பயமாக இருந்தது. "வரமாட்டாருங்க, நீங்களும் அங்க போகாதீங்க" என்று அவர் காதிலேயே சொன்னேன். டிரைவர் திரும்பி நின்றுகொண்டார்.

கொஞ்சம் கொஞ்சமாக முதுகுச் சூடு இறங்கியது. பிறகு அவருக்கு நடுக்கம் எடுத்தது. பல் கிட்டித்துக்கொண்டு உடம்பு உதறியது. நான் ஊற்றுவதை நிறுத்தினேன். அவர் கழுத்தைத் திருப்பி அண்ணாந்து பார்த்தார். இந்த முறை கண் என் முகத்துக்கு வந்து சேர்ந்தது.

"ஏ புள்ள" என்றார். "நீ எப்ப வந்தே?"

நான் அவர் நெற்றியில் ஒட்டியிருந்த முடியை ஒதுக்கிவிட்டேன். அவர் தண்ணீரைப் பார்த்தார், கரையில் நின்ற டிரைவரைப் பார்த்தார், தான் இருந்த நிலைமையைப் பார்த்தார். ஏதோ நினைவுக்கு வந்தவர் மாதிரி, முகம் மாறியது. ரோட்டுப் பக்கம் திரும்பித் தேடினார்.

"இங்க ஒரு அம்மா இருந்தாங்களே?"

"போயிட்டாங்க."

"உங்கிட்ட ஏதாச்சும் சொன்னாங்களா?"

எத்தனையோ பேருடைய பொய்யை முகத்தைப் பார்த்தே பிடித்தவள் நான். என் முகத்தை அவர் பார்க்க முடியாதபடி அவர் தலையை இழுத்து என் தோளில் சாய்த்துக்கொண்டேன்.

"இல்லீங்க" என்றேன். "ஒண்ணுமே சொல்லல."

அவர் ஒரு பெருமூச்சு விட்டார். அந்த மூச்சு என் கழுத்தில் பட்டது. பிறகு, பயம் தெளிந்தவராகக் கண்ணை மூடிக்கொண்டார்.